இந்த வயசுல வருமா, முசே?

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் எங்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்கு எந்தக் கண்ணில் புரை, பிராஸ்டேட்டுக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று எல்லாம் பேசுவோம். ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறோம் என்பதைக்கூட வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வோம். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எடுப்பதில்லை. இன்று அதைத்தான் எழுதப் போகிறேன். முகம் சுளிக்க விரும்புகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சுளியுங்கள்.

இது என் நண்பர் ஒருவரின் கதை. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க முசே, பேர் மட்டும் வேண்டாம்" என்றார். ஊர், தெரு அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம்.

முசே என்பது நான்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, அப்பா தவறியதும் திருப்பாதிரிப்புலியூர் மாமா வீட்டுக்கு வந்தவன். தமிழ்த் தேர்வைத் தனியாக எழுதி, சர்வீஸ் கமிஷன் தேறி, சுகாதாரத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். "மூசியோ" என்று புதுச்சேரியில் வாத்தியாரைக் கூப்பிட்ட கதையை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு முசே என்றே பெயர்.

1986-இல் சிதம்பரத்தில் வேலை. எனக்கு எதிர் மேசைக்காரர்தான் இந்த நண்பர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். அந்த வருடம்தான் சென்னையில் எய்ட்ஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி பேப்பரில் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில் ரத்த மாதிரிகள் சேகரித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவுக்கே அதுதான் முதல் தடயம். "நம்ம ஊர்ல அதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

எனக்கு அந்த நோய் அதற்கு முன்பே தெரியும். பிரான்சில் சொல்தாவாக இருந்த என் பெரியப்பா மகன் கடிதத்தில் எழுதியிருந்தார். பிரெஞ்சில் அதற்குப் பெயர் "சிதா". 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில்தான் அந்தக் கிருமியையே முதலில் பிரித்தெடுத்தார்கள். அதற்காக பிரான்சுவாஸ் பாரே சினூசி, லுக் மொந்தாஞ்ஞியே இருவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் ஆபீசில் பெரிய மேதாவி மாதிரி, "பிரெஞ்சுல இதை சிதான்னு சொல்வாங்க" என்றேன். "என்னது, சீதாவா? ராமருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்கப் போறார்" என்றார் அண்ணன். ஆபீசே சிரித்தது. அதன் பிறகு யாருக்காவது இரண்டு நாள் காய்ச்சல் என்றால் "முசே, சிதாவா இருக்குமோ?" என்பது எங்கள் ஆபீஸ் நகைச்சுவை ஆகிவிட்டது.

இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் அன்று நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

பிறகு 1994-இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. எங்கள் ஆபீசுக்குப் போஸ்டர் கட்டுக்கட்டாக வரும். டிசம்பர் 1 ஊர்வலத்துக்குப் பேனர், பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நினைவூட்டல் என்று தபால் பிரிவில் நான் அனுப்பிய காகிதத்துக்குக் கணக்கே இல்லை. 2000-த்துக்குப் பிறகு சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டார்கள், நினைவிருக்கிறதா? கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் யார் அந்தப் புள்ளிராஜா என்று மண்டையைக் குடைந்துகொண்டோம்.

அந்தப் புள்ளிராஜா வாலிபன். போஸ்டரில் இருந்தவர்கள் லாரி ஓட்டுநர்கள், கல்லூரிப் பிள்ளைகள், புதுத் தம்பதிகள். நரைத்த தலை ஒன்றை எந்தப் போஸ்டரிலும் நான் பார்த்த ஞாபகம் இல்லை. கணக்கும் அப்படித்தான். நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்று சொல்லும் வழக்கமான விகிதம், 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கானது. தேசிய குடும்ப நல ஆய்வில் எய்ட்ஸ் பற்றிய கேள்விகள் பெண்களுக்கு 49 வயதோடும் ஆண்களுக்கு 54 வயதோடும் முடிந்துவிடுகின்றன. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது உறுத்தும். படிவத்தில் கட்டம் இல்லை என்றால் அந்த ஆளே இல்லை என்றுதான் அர்த்தம்.

அண்ணன் 2007-இல் ஓய்வு பெற்றார், நான் 2009-இல். 2013-இல் அண்ணி போய்விட்டார்கள். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியம். காரியம் முடிந்து மகனும் மருமகளும் தங்கள் வேலையைப் பார்க்கப் போனபின், அந்தப் பெரிய வீட்டில் அவர் மட்டும் இருந்தார். சமையலுக்கு ஆள் வைத்தார். தொலைக்காட்சி பார்த்தார். தில்லை நடராசர் கோயிலுக்குக் காலையும் மாலையும் போனார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

2017-இல் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குக் கடலூர் வந்தவர், கூட்டம் முடிந்து என்னோடு கடற்கரைக்கு வந்தார். சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று, "முசே, அந்த நோய்... இந்த வயசுல வருமா?" என்றார்.

"எந்த நோய்?"

"அதான். உங்க சிதா."

நான் சிரித்துவிட்டேன். "நம்ம வயசுக்கு வர்றது மூட்டுவலிதான் அண்ணே" என்றேன். அவரும் சிரித்தார். பேச்சு அகவிலைப்படிக்கு மாறிவிட்டது.

வாசகர்களே, முப்பத்தைந்து வருடம் சுகாதாரத் துறையில் சம்பளம் வாங்கியவன் நான். என் கையால் ஆயிரக்கணக்கான விழிப்புணர்வுத் தாள்களை அனுப்பியவன். என்னை நம்பி ஒரு மனிதர் வாய் திறந்தபோது நான் சொன்ன பதில் அது. "ஏன் அண்ணே கேட்கிறீங்க?" என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால், அவருக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த வருடம் அவருக்கு முதுகில் அக்கி வந்தது. சிதம்பரம் பக்கம் ஒரு குயவர் வீட்டுக்குப் போய் செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தார். ஆறிவிட்டது. பிறகு வாயில் வெள்ளைப் படலம், நாக்கில் ருசி இல்லை. பல் செட்டு சரியில்லை என்றார்கள். பேதி வந்தது. வயசானால் செரிக்காது என்றார்கள். எழுபது கிலோ ஆள் ஐம்பத்திரண்டு கிலோ ஆனார். சர்க்கரை உருக்குகிறது என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சளி பரிசோதனை செய்தார்கள். புற்றுநோயோ என்று பயந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருடம். அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் யாரும் எழுதித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. நான்தான் மூட்டுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேனே!

2019-இல் வேறொரு மருத்துவமனையில், மருமகள் வயதுகூட இல்லாத ஒரு பெண் டாக்டர் பழைய சீட்டுகளை எல்லாம் வரிசையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஐயா, எச்.ஐ.வி.க்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா? உங்க சம்மதம் வேணும்."

மகன் பக்கத்தில் நின்றிருக்கிறார். "எங்கப்பாவுக்கு எழுபது வயசு டாக்டர். யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க?" என்று கத்தியிருக்கிறார்.

அண்ணன் மகனைப் பார்க்கவில்லையாம். டாக்டரைப் பார்த்து "எடுங்கம்மா" என்றாராம்.

நாலு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. வீட்டில் ஆட்கள் நடமாடும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தி இரண்டே வார்த்தை சொன்னார்.

"முசே, சிதா."

முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் நான் படிப்பைக் காட்டிக்கொள்ளச் சொன்ன வார்த்தை. சுற்றி நிற்கிறவர்களுக்குப் புரியாமல் இருக்க அவருக்கு அந்த வார்த்தைதான் கிடைத்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. "நாளைக்கு வரேன் அண்ணே" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் நூறு தடவை போன வழிதான். அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தனியா இருந்தேன் முசே. தப்போ சரியோ, தெரியல" என்றார். ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னார். அறுபது தாண்டியவர், அவரும் தனி. அதற்கு முன்னால் வேறு இடங்களுக்கும் போனதுண்டு என்றார். ஏன் உறை போடவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நம் தலைமுறை ஆட்கள் எல்லோரும் யோசிக்க வேண்டும்.

"அது எதுக்கு முசே? நான்தான் எழுபத்தொன்பதுலயே ஆபரேஷன் பண்ணிக்கிட்டேனே!"

நமக்கு நிரோத் என்றால் சிவப்பு முக்கோணம், நாம் இருவர் நமக்கு இருவர், அவ்வளவுதான். குழந்தை பிறக்காமல் இருக்க ஒரு சாதனம். ஆபரேஷன் ஆன ஆணுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் அது தேவையில்லை என்றே மனதில் பதிந்துவிட்டது. நோயைத் தடுக்கவும் அதுதான் என்று நமக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. போஸ்டரில் சொன்னார்கள், ஆனால் அது யாரோ ஒரு புள்ளிராஜாவுக்கு.

பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருமிக்கு வயது தெரியாது. உண்மையில் வயதானவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு உள்தோல் மெலிந்து உலர்ந்து போவதால் எளிதில் கீறல் விழும், அதன் வழியாகக் கிருமி நுழையும். ஆண்களுக்கு இந்தக் காலத்தில் மாத்திரை இருக்கிறது, "முடியவில்லை" என்ற தடையும் போய்விட்டது. எடை குறைவது, களைப்பு, மறதி, அக்கி, அடிக்கடி காய்ச்சல், காசநோய் எல்லாவற்றுக்கும் முதுமை என்ற ஒரே காரணம் தயாராக இருப்பதால் நோய் தெரியத் தாமதமாகிறது. அதற்குள் உடம்பின் காவல்படை கரைந்துவிடுகிறது. அந்தக் காவலுக்கு சி.டி.4 என்று ஒரு எண்ணிக்கை உண்டு. நல்ல உடம்பில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து. அண்ணனுக்கு 84 இருந்தது. வயதானவர்களுக்கு அது திரும்ப ஏறுவதும் மெதுவாகத்தான்.

மருந்து இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. 2004 ஏப்ரலில் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரி தொடக்க மையங்களில் ஒன்று. இப்போது ஏ.ஆர்.டி. மையம் என்று மாவட்டங்களில் இருக்கிறது. தினம் ஒரே ஒரு மாத்திரை. அண்ணனுக்கு முதலில் கொடுத்த மாத்திரையில் ராத்திரி முழுக்கக் கனவு. "செத்துப்போன நம்ம சூப்பிரண்டு வந்து ஃபைல் கேக்குறார் முசே" என்பார். பிறகு புது மாத்திரைக்கு மாற்றினார்கள், கனவு நின்றது. அந்தப் புது மாத்திரை, சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை ரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால் அதன் அளவைக் குறைத்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரையையும் மறைக்காமல் காட்ட வேண்டியது இதனால்தான்.

வீட்டில் முதல் சில வாரங்கள் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன், பயம். மையத்து ஆலோசகர் உட்கார வைத்துப் பேசினார். தொடுவதால், சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே கழிப்பறையால், கொசுவால் வராது. தனித் தட்டு போய்விட்டது. வெளியேதான் சிரமம். கண்புரை ஆபரேஷனுக்குப் போன ஒரு தனியார் இடத்தில், விவரம் தெரிந்ததும் இன்று நாளை என்று இழுத்தடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 2017-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. அதை நான் அச்செடுத்துக் கொடுத்தேன். அண்ணன் சண்டை போடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் கண்ணைச் சரி செய்துகொண்டார்.

ஒரு காரியம் பாக்கி இருந்தது. "அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று ஆலோசகர் கேட்டார். பத்து நாள் தூங்கவில்லை அவர். கடைசியில், "நீங்களும் வாங்க முசே" என்றார். போனோம். நான் வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே அரை மணி நேரம். சத்தமே இல்லை. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. அடுத்த வாரம் அந்த அம்மா பரிசோதனைக்குப் போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். முடிவு என்ன என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அது அவருடையது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை செய்யும் இடத்துக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்று பெயர். அந்தப் பெயர் போட்ட எத்தனையோ கடிதத்துக்கு நான் எண் போட்டிருக்கிறேன், உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அண்ணனோடு ஒருநாள் போனபோது, என் பேத்தி வயதுப் பெண் ஆலோசகர், "ஐயா, நீங்களும் பார்த்துக்கலாமே?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்தா? மகன் கத்தினாரே, அதே கோபம். அது புரிந்ததும் கையை நீட்டிவிட்டேன். ஊசி குத்தி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தில் எழுபது வருட வாழ்க்கையையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு ஆபரேஷனில் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள் என்பதுகூட ஞாபகம் வந்து உள்ளங்கை வியர்த்தது. இல்லை என்று முடிவு வந்தது. ராத்திரி வீட்டில் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, இத்தனை வருஷம் அந்த ஆபீஸ்ல இருந்தீங்களே, எனக்கு இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

ஒழுக்கம் பற்றி நான் உபதேசம் செய்ய வரவில்லை. தனிமை எப்படி இருக்கும் என்பது தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான். துணை இருந்தால் உறை போடுங்கள், வயதைக் காரணம் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் இருக்கிறது. பரிசோதனை இலவசம், பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். சமீபத்திய தொடர்பு என்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்களை நம்பி யாராவது "இந்த வயசுல வருமா?" என்று கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தாறு. எடை அறுபத்தெட்டு. கிருமி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் பரிசோதனையில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் மாத்திரையை விடாமல் போட்டுவந்தால் உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது என்கிறார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். ராத்திரி ஒன்பது மணிக்கு அவருடைய போனில் மணி அடித்தது. அடுப்படியில் இருந்த என் மனைவி, யாரும் சொல்லாமலே ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.